எல்லை கடந்த அலையும் விளம்பரப் பணமும்

வானலைக்கு எல்லையில்லை என்பது தொடர்பு சாதனங்கள் பற்றிப் பேசுவோர் பலரும் ஐயமின்றி ஏற்கும் கூற்றாகும். அலைக்கு எல்லை இல்லாதிருக்கலாம். அவ்வலையை இயக்கும் பணத்துக்கு எல்லை உண்டு. இவ்வேறுபாட்டை மறந்த ஆய்வுகள் கலாசார ஆதிக்கத்தைப் பொதுப்படக் கண்டிப்பனவாகவோ, தகவலின் சுதந்திர ஓட்டத்தைப் புகழ்வனவாகவோ முடிந்துவிடுகின்றன. ஒரு சிறிய பிரதேசத் தொலைக்காட்சி நிலையத்தின் வரலாற்றைக் கொண்டு இதனை நோக்குவோம்.

ஐக்கிய அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில், கனடிய எல்லையை அண்டியுள்ள பெலிங்ஹாம் நகரில் கே.வி.ஓ.எஸ். தொலைக்காட்சி 1953இல் தொடங்கப்பெற்றது. இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாப் படங்கள் அதன் தொடக்க நிகழ்ச்சிகளுள் இடம்பெற்றன. அமெரிக்கக் குடியரசின் நிலையமொன்று பிரித்தானிய முடியைக் காட்டி அரங்கேறியமைக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1970இல் பெலிங்ஹாமின் சனத்தொகை 40,000க்கும் சற்றுக் குறைவு. எல்லைக்கு வடக்கே வன்கூவர் பெருநகரப் பகுதியில் 1971இல் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். வன்கூவரில் கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தொலைக்காட்சி 1953 டிசம்பரிலேயே தொடங்கியது. அதற்கு முன்னரே எல்லைக்கு அப்பாலிருந்து வந்த படங்கள் அந்நகர வீடுகளை எட்டிவிட்டன. உரிமம் பெலிங்ஹாமுக்கு வழங்கப்பட்டது. வருமானமோ வன்கூவர் வணிகரிடமிருந்து வந்தது. அவ்விளம்பரங்களைச் சேகரிப்பதற்கென வன்கூவரிலேயே ஒரு துணைக் கம்பனியும் இயங்கியது.

இவ்விடத்தில் டலஸ் ஸ்மைத் 1977இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை நினைவுக்கு வருகின்றது. வெகுசனத் தொடர்பு சாதனம் விற்கும் பண்டம் நிகழ்ச்சியன்று, பார்வையாளர் கூட்டமே என்பது அவரது வாதம். அக்காலத்தில் அவர் வன்கூவரை அடுத்த சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்தார், அதாவது கே.வி.ஓ.எஸ். நிலையத்தின் அலை பரவிய பிரதேசத்திலேயே வாழ்ந்தார். அவரது கருத்து இந்நிலையத்துக்கு நன்கு பொருந்துகின்றது. ஆயின் அது முழு விளக்கமாகாது. பார்வையாளர் பண்டமாயின் அப்பண்டத்துக்கு ஒரு தேசமும் உண்டு. அதன் விலையைச் சந்தை மட்டுமன்றி அரசும் நிர்ணயிக்கின்றது.

1976இல் கனடா செய்த சட்டத் திருத்தம் இதற்குச் சான்று. கனடிய மக்களை நோக்கிய விளம்பரத்தை அந்நிய நிலையமொன்றுக்கு வழங்கும் வணிகர், அச்செலவை வருமான வரிக் கணிப்பில் கழித்துக்கொள்ள முடியாதெனச் சி-58 என்னும் சட்டமூலம் விதித்தது. நூறு டொலர் விளம்பரச் செலவை எடுத்துக்கொள்வோம். வரி விகிதம் ஐம்பது வீதமாயின், கழிவு கிடைக்கும்போது வணிகருக்கு ஏற்படும் உண்மைச் சுமை ஐம்பது டொலரே. கழிவு மறுக்கப்படின் சுமை முழு நூறு டொலராகின்றது. ஓர் ஒளிபரப்புக் கோபுரமும் இடிக்கப்படவில்லை. ஒரு நிகழ்ச்சியும் தடைசெய்யப்படவில்லை. அந்நிய நிலையத்தின் விலை மாத்திரம் இருமடங்காயிற்று. அமெரிக்காவும் வாளாவிருக்கவில்லை. 1984இல் அதே வகையான வரித் தடையைக் கனடிய நிலையங்களுக்கு எதிராகச் சட்டமாக்கியது.

அமெரிக்க ஒளிபரப்பாளர் இதனைத் தகவற் சுதந்திரத்தின் மீதான தாக்குதலென்றனர். இவ்வாதம் ஏற்புடையதன்று. வன்கூவர்வாசி எதனையும் பார்க்கத் தடையிருக்கவில்லை; பாதிக்கப்பட்டது விளம்பரதாரரின் வரிச் சலுகையே. ஒரு நாட்டின் வரிச் சலுகை அயல்நாட்டு நிலையத்தை வளர்க்க வேண்டுமென்ற நியதி எங்குமில்லை.

கனடிய தேசியவாதிகளின் பெருமிதத்தையும் நாம் அப்படியே ஏற்றல் தகாது. தாய்நாட்டு நிலையங்களுக்குத் திரும்பிய பணம் எதற்குப் பயன்பட்டது? அங்குள்ள தனியார் நிலையங்கள் மக்கள் அதிகம் பார்க்கும் மாலை வேளைகளை அமெரிக்கத் தொடர்களாலேயே நிரப்பின. கேபிள் வழியாக வரும் அமெரிக்க நிலையமும் உள்ளூர் நிலையமும் ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் காட்டினால், உள்ளூர் நிலையத்தின் விளம்பரங்களே இடம்பெற வேண்டுமென்ற விதி இப்போக்கை மேலும் ஊக்குவித்தது. அமெரிக்கத் தொடரை அமெரிக்கர் காட்டும் அதே நேரத்திற் காட்டுவதே இலாபமாயிற்று. பணம் நாடு திரும்பியது, படைப்புத் திரும்பவில்லை. முதலாளி மாறினாரேயன்றிக் கலாசாரச் சார்பு மாறவில்லை.

இரு தரப்பாரும் மறந்த ஒருவர் உண்டு. அவர் பெலிங்ஹாம்வாசி. தம் ஊருக்கென உரிமம் பெற்ற நிலையம் தம் ஊரைவிட அயல்நாட்டு நகரத்தையே கருத்திற் கொண்டபோது, அவருடைய நகரசபைப் பிரச்சினையும் பாடசாலைப் பிரச்சினையும் விற்பனைக்கு உதவாத விடயங்களாயின.

இவ்வரலாறு எமக்குப் புதியதன்று. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. 1952இல் இந்திய அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கெஸ்கர் அகில இந்திய வானொலியிற் சினிமாப் பாடல்களை ஒடுக்கியபோது, இந்திய நேயர் கொழும்பை நாடினர். இந்திய விளம்பரப் பணமும் அவர்களைப் பின்தொடர்ந்தது. இந்தியாவின் மறுமொழி 1957இல் விவித் பாரதியாக வந்தது. 1967இல் அதுவும் விளம்பரங்களை ஏற்கலாயிற்று. தமிழ்ச் சேவையின் அறிவிப்பாளர் தமிழ்நாட்டு வீடுகளில் அறிமுகமானோராய் விளங்கியதை இன்றும் பெருமையுடன் பேசுகின்றோம். பெருமைக்கு இடமுண்டு. ஆயினும் அப்புகழை ஈட்டித் தந்தது பெரும்பாலும் தமிழகத்துத் திரையிசையே. அதனைத் தமிழகத்துக்கே திருப்பி ஒலிபரப்பிய வேளையில், ஈழத்து மெல்லிசைக்கும் நாடகத்துக்கும் கிடைத்த நேரம் எவ்வளவு என்ற வினாவைப் பெருமை பேசுவோர் எழுப்புவதில்லை. பெலிங்ஹாம்வாசியின் முறைப்பாடு எம்முடையதாகவும் இருந்திருக்கலாம்.

ஒரு நிலையத்தின் அலை எவ்வளவு தூரம் செல்கின்றது என்பதை அளப்பது பொறியியலாளரின் பணி; அதன் வருமானம் எவ்வளவு என்பதை அளப்பது கணக்காளரின் பணி. அது யாருக்குப் பொறுப்புக் கூறுகின்றது என்ற வினா விமர்சகருக்குரியது. அந்நியரின் பணத்தை மறுத்த கனடியச் சட்டம் அவ்வினாவுக்கு விடையளிக்கவில்லை; எல்லை கடந்த எமது புகழும் விடையளிக்கவில்லை. திரும்பி வரும் பணம் எந்தப் படைப்பாளியின் கையைச் சேர்கின்றது என்று கேட்கத் தொடங்கும்போதே விடைக்கான வழி பிறக்கும்.