பாடம் நடத்தும் நாவலாசிரியர்கள்

தமிழில் நாவலை நம்பி யாரும் பிழைக்க முடியாது. முந்நூறோ ஐந்நூறோ பிரதிகள் அச்சாகும் புத்தகத்துக்கு விலையில் பத்து விழுக்காடு உரிமைத்தொகை என்று வைத்துக்கொண்டாலும், பல ஆண்டு உழைப்பின் வரும்படி ஓரிரு மாத வீட்டு வாடகையோடு தீர்ந்துவிடும். எனவே நாவல் எழுத நினைப்பவருக்கு வேறொரு வேலை வேண்டும். ஆசிரியர் வேலை என்றால் மிகப் பொருத்தம் என்று பலரும் சொல்வார்கள்: மாலையில் வீடு திரும்பலாம், மே மாதம் விடுமுறை, சுற்றிலும் புத்தகங்கள். இந்தக் கணக்கு தவறு என்று நினைக்கிறேன். ஆசிரியப் பணி எழுத்துக்குச் செய்யும் நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. அது வாங்கும் விலையும் வேறு இடத்தில் இருக்கிறது.

முதல் நன்மை, சந்தையிடமிருந்து கிடைக்கும் விடுதலை. மாதச் சம்பளம் உள்ளவர் வாசகரின் உடனடி விருப்பத்துக்கு வளைய வேண்டியதில்லை. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய இமையத்தின் முதல் நாவல் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் க்ரியா வெளியீடாக வந்தது. புதிரை வண்ணார் குடும்பம் ஒன்றின் வாழ்க்கையை நின்று நிதானித்துச் சொல்லும் அந்த நாவலில் வாரத் தொடருக்கான திருப்பங்கள் எதுவும் இல்லை. விடாமல் எழுதிய அவருக்கு ‘செல்லாத பணம்’ நாவலுக்காக 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எழுத்து சோறு போட வேண்டிய கட்டாயம் இருந்திருந்தால் இத்தகைய பயணம் எளிதில் வாய்த்திருக்காது.

இரண்டாம் நன்மை இன்னும் பெரியது. ஆசிரியரின் காதில் ஓயாமல் மனிதப் பேச்சு விழுகிறது. அரசுக் கலைக் கல்லூரி வகுப்பில், வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்க வந்த பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் விடுப்பு எடுப்பதற்குச் சொல்லும் காரணத்தில் ஊரின் சாதியும் கடனும் கல்யாணமும் இருக்கும். அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பெருமாள்முருகன் அந்தக் குரல்களை மதித்தவர். மாணவர்களும் நண்பர்களும் தங்கள் சாதி அனுபவங்களை எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து ‘சாதியும் நானும்’ (2013) என்ற நூலாக்கினார். கொங்கு வட்டாரச் சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார். அவர் நாவல்களில் வரும் பேச்சுக்கு இருக்கும் வலு இப்படிக் கேட்டுப் பழகிய காதிலிருந்தும் வந்தது என்றே நம்புகிறேன்.

இனி விலையைப் பார்ப்போம். மணிக்கணக்கில் பார்த்தால் ஆசிரியருக்கு நேரம் இருக்கிறது. ஆனால் அது துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டு என்று தேர்வுகள் வருடத்தை வெட்டுகின்றன. பொதுத்தேர்வு முடிந்தால் விடைத்தாள் திருத்தும் முகாம். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிப் பணி. சிறுகதை இந்த இடைவெளிகளில் பிழைத்துக்கொள்ளும். நாவலுக்குத் தொடர்ச்சி வேண்டும். இரண்டு வாரம் விட்டுவிட்டால் பாத்திரங்களின் குரலே மறந்துபோகும். பதிப்புலகின் நாள்காட்டியும் உதவுவதில்லை. சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியை ஒட்டி வருவதால், மெய்ப்புத் திருத்த வேண்டிய டிசம்பரில் அரையாண்டுத் தாள்களும் மேசையில் குவிந்திருக்கும். குறைந்த சம்பளத்துக்குத் தனியார் பள்ளியில் வேலை பார்த்து, மாலையில் டியூஷனும் எடுப்பவருக்கு இந்தத் துண்டு நேரமும் மிஞ்சாது. வீட்டு வேலை முழுவதையும் தலையில் சுமக்கும் ஆசிரியைக்கு மே விடுமுறை என்பது பெயரளவில்தான்.

இதைவிட ஆழமான கேடு நடையில் சேர்கிறது. வகுப்பில் ஒன்றைச் சொல்லி, விளக்கி, கடைசியில் தொகுத்தும் சொல்ல வேண்டும். அதுதான் நல்ல கற்பித்தல். அதே பழக்கம் நாவலுக்குள் வந்தால் வாசகர் மாணவராகிவிடுகிறார். மு. வரதராசன் தமிழ் கற்பிப்பதில் பெரும்பெயர் பெற்றவர். அவருடைய ‘அகல் விளக்கு’ நாவல் 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஒரு தலைமுறையையே நாவல் படிக்க வைத்தவர் அவர். ஆனாலும் அந்த நாவலில் சந்திரனின் சரிவையும் வேலய்யனின் நிதானத்தையும் காட்டியதோடு நிற்காமல், அவற்றின் பொருளையும் எடுத்துச் சொல்லிவிடுகிறார். மதுரையில் கணிதம் கற்பித்த ஜி. நாகராஜன் இதற்கு நேர் எதிர். அவருடைய ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) நாவல் கந்தன் என்பவனின் ஒரு நாளை நம் முன் வைக்கிறது; அவனைத் திருத்துவதில்லை, தீர்ப்பும் சொல்வதில்லை. ஆசிரியரின் குரலை வகுப்பறை வாசலிலேயே விட்டுவர முடியும் என்பதற்கு நாகராஜனே சான்று.

மூன்றாவது விலை அச்சம். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 என்று ஒரு வேலி இருக்கிறது. அதற்கு வெளியே ஊர் என்ற வேலியும் இருக்கிறது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வந்தது. அதற்கு எதிர்ப்பு 2014 இறுதியில் கிளம்பியது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், எழுத்தாளர் இறந்துவிட்டதாகவும் இனி ஆசிரியர் மட்டுமே வாழ்வார் என்றும் பெருமாள்முருகன் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, எழுதச் சொன்னது. ஆனால் அவர் வேலை பார்த்த ஊரை விட்டுச் சென்னைக்கு மாற வேண்டியதாயிற்று. இதைப் பார்த்து எத்தனை ஆசிரியர்கள் தங்கள் கைப்பிரதியில் ஓர் அத்தியாயத்தைத் தாங்களே அடித்தார்களோ, அந்த அத்தியாயங்களை எந்தத் தீர்ப்பாலும் மீட்க முடியாது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், வேலையை விட்டுவிடுங்கள் என்று எந்த ஆசிரியருக்கும் சொல்ல எனக்கு மனம் வராது. சம்பளம் தரும் துணிவும் வகுப்பு தரும் காதும் எளிதில் கிடைப்பவை அல்ல. பள்ளி நாட்களில் கேட்ட பேச்சைக் குறித்து வையுங்கள். விடுமுறையில் தொடர்ச்சியாக எழுதுங்கள். திருத்தும்போது, கதைசொல்லி விளக்கம் தரும் பத்திகளை முதலில் வெட்டுங்கள். இவை தனிமனிதர் செய்யக்கூடியவை. எஞ்சியதை அமைப்பு செய்ய வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்கு விடுப்புத் தர வழி கண்ட கல்வித்துறை, நாவலுக்கும் அப்படி ஒரு வழி காணலாம். புனைவுக்காக ஓர் ஆசிரியர் மிரட்டப்பட்டால் துறை அவர் பக்கம் நிற்க வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் இதைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இமையமும் பெருமாள்முருகனும் வேலையில் இருந்துகொண்டே எழுதிக் காட்டியது அவர்களுடைய பிடிவாதத்தின் வெற்றி. அவ்வளவு பிடிவாதம் இல்லாத ஆசிரியரும் தன் நாவலை முடித்து அச்சில் பார்க்க முடிய வேண்டும். அதற்கு வழி செய்வது கல்வித்துறையின் கடமை.