92 பெற்றோல், மதிய வெயில், ஒரு பழைய எவோ: ஈசியூ தேர்வும் டியூனிங்கும்

ஈசியூ, அதாவது எஞ்சின் கம்பியூட்டர், விற்பவர்களின் விளம்பரத்தாளில் இரண்டு விஷயங்கள் இருக்காது. ஒன்று எம்பிலிப்பிட்டியவின் மதிய வெயில். மற்றது, ஊர் பெற்றோல் ஷெட்டில் 95 தீர்ந்துபோய் 92 மட்டும் மிஞ்சியிருக்கும் நாள். இந்த விமர்சனத்தில் அந்த இரண்டையும் முன்னால் வைத்தே பெட்டியைத் தேர்ந்தோம், டியூன் செய்தோம்.

வண்டி மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் 4. 1996இல் வெளிவந்த மொடல். 1997 சீசீ 4ஜி63 டர்போ எஞ்சின், தொழிற்சாலைக் கணக்கில் 280 குதிரைசக்தி. உரிமையாளர் என் நண்பர், இறக்குவானைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து இப்போது எம்பிலிப்பிட்டியவில் டயர்க்கடை நடத்துகிறவர். தனியார் கார் இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார் வைத்திருந்தவர்கள் பலர் விற்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, இருப்பதைச் செப்பனிட ஆரம்பித்தார்கள். இவரும் அப்படித்தான்: பெரிய இன்டர்கூலர், மூன்று அங்குல எக்ஸோஸ்ட், திறந்த எயார் பில்டர், வெளியே காற்றை விடும் புளோ ஓப் வால்வு. எல்லாம் பூட்டிய பிறகு வண்டி முன்பைவிட மோசமாக ஓடியது.

காரணம் எளிது. இந்த எஞ்சினின் பழைய கம்பியூட்டர், கார்மன் வகைக் காற்றளவு சென்சரை நம்பி வேலை செய்கிறது. உள்ளே போகும் காற்று முழுவதையும் அந்தச் சென்சர் முதலில் எண்ணிவிடும். கியர் மாற்றும்போது எண்ணிய காற்றை வால்வு வெளியே துப்பினால், கம்பியூட்டருக்கு அது தெரியாது. இல்லாத காற்றுக்குப் பெற்றோல் ஊற்றும். கரும்புகை, தடுமாற்றம். இதோடு வயதுக் கோளாறும் சேர்கிறது. தொண்ணூறுகளின் மிட்சுபிஷி கம்பியூட்டர்களில் கப்பாசிட்டர் ஒழுகிச் சர்க்கிட்டை அரிப்பது உலகம் முழுக்கத் தெரிந்த வியாதி. எனவே மாற்றுவதா என்பதில் பேச்சில்லை. எதை வாங்குவது என்பதில்தான் பேச்சு.

எவோ 7 முதல் 9 வரை வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் பத்திரிகையை மூடிவிடலாம். உங்கள் கம்பியூட்டருக்குள்ளேயே ஈசியூபிளாஷ் மென்பொருளால் மெப்பை, அதாவது பெற்றோல், தீப்பொறி அட்டவணைகளை, மாற்றி எழுதலாம். ஒரு கேபிளும் லெப்டொப்பும் போதும். புதுப் பெட்டி வாங்கும் காசில் நல்ல பியுவல் பம்ப் போடுங்கள்.

மற்றவர்களுக்குக் கடை பெரியது. மேல் தட்டில் அவுஸ்திரேலியாவின் மோடெக். பந்தயக் குழுவுக்கு உகந்தது. டயர்க்கடை முதலாளிக்குத் தேவையில்லை. நியூசிலாந்தின் லிங்க், அவுஸ்திரேலியாவின் ஹோல்டெக் இரண்டும் எவோவுக்குச் சொருகிப் பாவிக்கும் பெட்டிகள் செய்திருக்கின்றன. பழைய கம்பியூட்டரின் சொக்கெட்டிலேயே பூட்டலாம், ஒரு வயரும் வெட்ட வேண்டாம். சுவீடனின் மெக்ஸ்ஈசியூ, போலந்தின் ஈசியூமாஸ்டர் இரண்டும் நடுத்தட்டு. அடியில் ஸ்பீடுயீனோ: ஆர்டுயீனோ மெகா போர்டில் ஓடும் திறந்த மூலத் திட்டம். டர்போ இல்லாத பழைய காரில் கற்றுக்கொள்ள அருமையானது. பூஸ்ட் ஏற்றிய 4ஜி63ஐ அதில் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. நொக்கை, அதாவது கலவை கட்டுமீறி வெடிக்கும் சத்தத்தை, கேட்கும் சர்க்கிட்டும், கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சருக்கான கட்டுப்பாடும் அதனுள் இல்லை. தனித்தனியே வாங்கிக் கோர்க்க வேண்டும். கோர்வை கூடக்கூடப் பழுதுபடும் இடங்களும் கூடும்.

2022இல் ரூபாய் விழுந்தபோது மார்ச் ஆரம்பத்தில் 200ஐ ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 350ஐத் தாண்டியிருந்தது. டொலரில் விலை சொல்லும் எந்தப் பெட்டியும் அன்றிலிருந்து இங்கே இரண்டு தடவை யோசிக்க வைக்கும் சாமான். அதனால் நாங்கள் போட்ட நிபந்தனை நான்கு. வைட்பேண்ட் கட்டுப்பாடு உள்ளேயே இருக்க வேண்டும். நொக் சென்சரைக் கேட்க வேண்டும். வெளிக் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சர் வேண்டும். இரண்டு வகைப் பெற்றோலுக்கு இரண்டு மெப்பை ஒரு சுவிட்சால் மாற்ற முடிய வேண்டும். ஆயிரம் டொலரை ஒட்டிய விலையில் இவை நான்கும் ஒரே பெட்டியில் ஈசியூமாஸ்டர் ஈஎம்யூ பிளெக்கில் கிடைத்தன. போஷ் எல்எஸ்யூ 4.9 வைட்பேண்ட் சென்சரை நேராகப் பூட்டலாம். 4 பார் வரை அளக்கும் மெனிபோல்ட் அழுத்த சென்சர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு நொக் உள்ளீடுகள், ஆறு இன்ஜெக்டர் வெளியீடுகள்.

இதன் பெரிய குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இது சொருகும் பெட்டி இல்லை. வயரிங் முழுவதும் உங்கள் பொறுப்பு. காவத்தையிலிருந்து வந்த வயரிங் பாஸ், "தம்பி, பொக்ஸ் பழுதாவதில்லை, ஏர்த் ஒழுங்காக இல்லாத வண்டிதான் பழுதாகும்" என்று சொல்லித்தான் வேலையைத் தொடங்கினார். சென்சர் ஏர்த் அனைத்தும் ஈசியூவின் சென்சர் ஏர்த்துக்கே வர வேண்டும். பவர் ஏர்த் நேரே எஞ்சின் புளொக்குக்குப் போக வேண்டும். எவோ 4இல் இன்னொரு பொறி உண்டு. இதன் இன்ஜெக்டர்கள் குறைந்த மின்தடை வகை; எஞ்சின் அறையில் இருக்கும் றெசிஸ்டர் பெட்டி வழியாகத்தான் அவற்றுக்குக் கரண்ட் போகிறது. அழகுக்காக அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புது ஈசியூவை நேரே கொடுத்தால் டிரைவர் சர்க்கிட் எரியும். பாஸ் அதைத் தொடவே விடவில்லை.

முதல் வேலை மெப் அல்ல, டைமிங் லைட். மென்பொருளில் தீப்பொறியை ஒரே டிகிரியில் பூட்டி, கிராங் கப்பியின் குறியீடும் திரையின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இது பிசகினால் பிறகு செய்யும் அத்தனையும் பொய்க்கணக்கு. அடுத்தது இன்ஜெக்டர் திறக்கும் தாமதம். வோல்டேஜ் குறையும்போது இன்ஜெக்டர் பிந்தித் திறக்கும். ஏசி, விசிறி, ஹெட்லைட் எல்லாம் போட்டு ஐட்லிங்கில் நிற்கும்போது வோல்டேஜ் இறங்கி, கலவை மெலிந்து, எஞ்சின் ஏறி இறங்கித் தவித்தால், பாதிக் குற்றம் அந்த அட்டவணையில்தான் இருக்கும். இந்த ஊரில் ஏசி இல்லாமல் யாரும் கார் ஓட்டப்போவதில்லை. எனவே ஐட்லிங்கை ஏசி ஓடும்போதே சரிசெய்யுங்கள். எங்களுக்கு அதிக நேரம் தின்றது இதுதான், பூஸ்ட் அல்ல.

பழைய காற்றளவு சென்சரைக் கழற்றியாகிவிட்டது. இனி ஈசியூ, மெனிபோல்ட் அழுத்தமும் உள்ளே போகும் காற்றின் வெப்பமும் வைத்து எவ்வளவு காற்று என்று கணக்குப் போடும். இங்கேதான் எம்பிலிப்பிட்டிய தன் வேலையைக் காட்டியது. 30 பாகையில் இருக்கும் காற்றைவிட 60 பாகையில் இருக்கும் காற்று சுமார் 9 சதவீதம் அடர்த்தி குறைவு. வெப்ப சென்சர் இன்டேக் மெனிபோல்ட் உலோகத்தில் பூட்டப்பட்டிருந்தால், வெயிலில் நிறுத்தி எடுக்கும்போது அது காற்றின் வெப்பத்தைச் சொல்லாது, உலோகத்தின் வெப்பத்தைச் சொல்லும். ஈசியூ அதை நம்பிப் பெற்றோலைக் குறைக்கும். சந்தியில் நின்று புறப்படும் வண்டி இருமுவது இதனால்தான். திறந்த முனை கொண்ட வேகமான சென்சரை இன்டர்கூலருக்குப் பிறகான குழாயில் பூட்டினோம். திருத்த அட்டவணையையும் மேல் வெப்பத்தில் கொஞ்சம் மென்மையாக்கினோம். இருமல் போனது.

எரிபொருள் அட்டவணையை வைட்பேண்ட் பார்த்துத் தானே திருத்தும் வசதி மென்பொருளில் உண்டு. மெதுவாக ஓடும் பகுதிகளுக்கு அது நன்றாக வேலை செய்தது. பூஸ்ட் பகுதியை அதனிடம் விடவில்லை. லொக் எடுத்து, வீட்டில் உட்கார்ந்து கையால் திருத்தினோம். இலக்கு: அமைதியான ஓட்டத்தில் லெம்டா 1 (காற்றும் பெற்றோலும் சரியான அளவில்), முழுப் பூஸ்டில் 0.80ஐ ஒட்டி. பாதி பாரத்துக்கு இறக்குவானையிலிருந்து புலுதொட்ட கொண்டை ஊசி வளைவுகளுக்கு ஏறும் வீதியைப் பயன்படுத்தினோம். மேடு எஞ்சினுக்குப் பாரம் கொடுக்கும், வேகம் தேவையில்லை. லெப்டொப் எப்போதும் பக்கத்து இருக்கையில் இருப்பவர் கையில். முழுப் பூஸ்டைப் பொது வீதியில் தொடவில்லை. அதற்குக் கொழும்புப் பக்கம் டைனோ இருக்கும் கராஜுக்குப் போனோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

நொக் விஷயத்தில் கொஞ்சம் கணக்குத் தேவை. 4ஜி63இன் சிலிண்டர் விட்டம் 85 மில்லிமீற்றர். அந்த விட்டத்துக்கு நொக் ஒலியின் அடிப்படை அதிர்வெண் 6.7 கிலோஹேர்ட்ஸை ஒட்டி வரும். மென்பொருளில் அந்த இடத்தில் கேட்கச் சொல்லி, நொக் இல்லாத ஓட்டத்தில் எஞ்சின் தானே போடும் சத்தத்தை ஒவ்வொரு வேகத்துக்கும் பதிந்துவைத்த பிறகே எச்சரிக்கை எல்லையைப் போட வேண்டும். இல்லாவிட்டால் வால்வுச் சத்தத்தையே நொக் என்று நினைத்து டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். இதைச் செய்ய மனமில்லாதவர் நொக் கட்டுப்பாடு உள்ள பெட்டிக்குக் காசு கொடுப்பது வீண்.

இரண்டு மெப் வைத்தோம். 95க்கு 1.2 பார் பூஸ்ட். உச்சத் திருகுவிசை வரும் இடத்தில் தீப்பொறி ஒற்றை இலக்க டிகிரியில் நிற்கிறது. 92க்கு வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தரும் அடிப்படைப் பூஸ்ட் மட்டும், டைமிங் அதைவிட 4 டிகிரி பின்னால். டேங்கில் எது இருக்கிறதோ அதற்குச் சுவிட்ச். சந்தேகம் இருந்தால் 92. தொழிற்சாலை இன்ஜெக்டர்கள் 510 சீசீ; 85 சதவீதத் திறப்போடு நிறுத்தினால் சுமார் 300 குதிரைசக்திக்குத்தான் அவை போதும். அதற்கு மேல் கேட்பவர் முதலில் இன்ஜெக்டர் வாங்கட்டும்.

கடைசிப் பரீட்சை நுவரெலியா. 1934இல் ஆரம்பித்த மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியின் ஊர். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். பெல்மதுளை, பலாங்கொடை, ஹப்புத்தளை, வெலிமடை வழியாக ஏறினோம். தாழ்நிலத்தில் 100 கிலோபாஸ்கலை ஒட்டியிருக்கும் காற்றழுத்தம் அங்கே 81 ஆகிவிடும். மெனிபோல்ட் அழுத்தத்தை நேரே அளக்கும் முறையில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் தானே கணக்காகிவிடும். ஆனால் வெளியழுத்தம் குறையும்போது எக்ஸோஸ்ட் இலகுவாக வெளியேறும், சிலிண்டர் நிரம்பும் அளவு சற்று மாறும். பெட்டிக்குள் இருக்கும் வெளியழுத்த சென்சர் அந்த மிச்சத்தைத் திருத்துகிறது. மேலே ஐட்லிங் ஆடவில்லை, குளிரில் முதல் சாவியிலேயே எஞ்சின் எழுந்தது.

வருடா வருடம் வரும் எமிஷன் டெஸ்டையும் மறக்க வேண்டாம். புகையை ஐட்லிங்கிலும் 2500 சுற்றிலும் பார்க்கிறார்கள். அந்த இரண்டு பகுதிகளிலும் லெம்டா 1ஐப் பிடித்து, கெட்டலிட்டிக் கன்வேட்டரைக் கழற்றாமல் வைத்தால் வரிப்பத்திரம் எடுப்பதில் சிக்கல் இல்லை. வெடிச்சத்தத்துக்காகத் தீப்பொறியைத் தாமதிக்கும் வசதி இந்தப் பெட்டியிலும் இருக்கிறது. நாங்கள் அதை அணைத்துவைத்தோம். பொலிஸுக்குப் பயந்து என்று நண்பர் சொல்கிறார். அவருடைய அம்மாவுக்குப் பயந்து என்பது என் ஊகம்.

தீர்ப்பு இது. நல்ல வயரிங் பாஸ் கிடைத்து, லொக் பார்த்துக் கற்றுக்கொள்ளப் பொறுமையும் உள்ளவருக்கு ஈஎம்யூ பிளெக் இந்த விலையில் சிறந்த தேர்வு. வயரைத் தொட விரும்பாதவர் கூடுதல் காசு கொடுத்து லிங்க் அல்லது ஹோல்டெக்கின் சொருகும் பெட்டியை வாங்கலாம். ஆனால் எதற்கும் முன்னால், உங்களுக்கு டியூன் செய்யப்போகிறவர் எந்த மென்பொருளில் பழகியவர் என்று கேளுங்கள். அவர் பழகிய பெட்டியே உங்களுக்குச் சரியான பெட்டி. வேலை முடிந்து காசு கொடுக்கும்போது, மெப் கோப்பின் பிரதியையும் அதைப் பூட்டியிருந்தால் பாஸ்வேர்டையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.