பூநகரியின் முருகைக்கல்

யாழ்ப்பாணத்திலிருந்து விடியப்புறம் பூநகரிக்குப் படிப்பிக்கப் போகும் ஆசிரியர்கள் பலருக்கு, பஸ் சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறும்போது நல்ல நித்திரை. கடல்நீரேரிக்கு மேலால் 288 மீற்றர் ஓடி இறங்கியதே தெரியாது. 2011 தை மாதம் பாலம் திறக்கும் முன்னர், கேரதீவில் மிதவைப் பாதைக்குக் காத்துக் கிடந்துதான் அக்கரைக்குப் போகவேண்டியிருந்தது. போரில் அந்தப் பாதையும் நின்றுபோன வருடங்கள் உண்டு. இப்போது பூநகரி, காலையில் போய் மாலையில் திரும்பும் ஊராகிவிட்டது.

லண்டனைச் சுற்றி இப்படிப் போய்வரும் ஊர்கள் எத்தனையோ. ஆனால் அங்கே ரயிலோடு பணமும் வந்து குடியேறியது. பழைய வீடுகள் பிழைத்துக்கொண்டன. கொள்ளைநோய்க்குப் பயந்து 1665இல் கவிஞர் மில்டன் ஒதுங்கியிருந்த சால்ஃபன்ட் சென்ட் ஜைல்ஸ் ஊர் வீட்டை, 1887இல் மக்கள் காசு சேர்த்தே வாங்கிக் காத்தார்கள். பூநகரிக்கு வேலைக்கு வருகிறவர்களோ பின்னேர பஸ்ஸில் திரும்பிவிடுகிறார்கள்.

பார்க்க ஒன்றுமில்லையா என்றால், கோட்டை இருக்கிறது. போர்த்துக்கேயர் தொடங்கியதாகச் சொல்லப்படும் இதை ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் திருத்திப் பயன்படுத்தினார்கள். யாழ்ப்பாணக் கோட்டையின் ஐங்கோண மிடுக்கைக் கண்ட கண்ணுக்கு இது ஒரு பெரிய வளவுதான். சதுரம், பக்கத்துக்கு ஏறத்தாழ 30 மீற்றர். நாலு மூலை இருந்தும் கொத்தளம் இரண்டே இரண்டு, அவையும் எதிரெதிர் மூலைகளில்.

கஞ்சத்தனம் என்று நினைக்கத் தோன்றும். கொஞ்சம் நின்று பார்த்தால் கணக்கு விளங்கும். மூலையில் துருத்தி நிற்கும் ஒரு கொத்தளத்திலிருந்து இரண்டு மதில்களின் வெளிப்புறம் முழுவதையும் கண்காணிக்கலாம். மற்ற இரண்டையும் எதிர்மூலைக் கொத்தளம் பார்த்துக்கொள்ளும். பாதிச் செலவில் முழுக் காவல். பென்னாம்பெரிய கோட்டைகளில் இல்லாத ஒரு சாமர்த்தியம் இந்தச் சின்னக் கோட்டையில் இருக்கிறது.

மதிலைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். முருகைக்கல். சாந்து உதிர்ந்த இடங்களில், ஊசியால் குத்தினாற்போல நெருக்கமான கண்கள். உயிரோடிருந்த காலத்துப் பவளப் பூச்சிகளின் அறைகள். ஈரமாக இருக்கையில் இலகுவாக வெட்டுப்படும் இந்தக் கல், காய்ந்தபின் இறுகிவிடும். அதே முருகைக்கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு. கல்லும் சாந்தும் ஒரே கடல் தந்தவை. 1993 கார்த்திகையில் இங்கே நடந்த சமரையும் அதற்குப் பிந்திய போரையும் கண்ட மண்ணில் இவ்வளவாவது நிற்பது பெரிய காரியம்.

கோட்டையோடு சேர்ந்தாற்போல் பிரித்தானியர் வாடிவீடு ஒன்றும் அமைத்தார்கள். அங்குள்ள சந்திக்கு இன்றைக்கும் வாடியடி என்றே பெயர்.

இன்னும் பழையதைத் தேடுகிறவர்கள் கௌதாரிமுனைப் பக்கம் மணலில் கால் புதையப் போகவேண்டும். மண்ணித்தலைச் சிவன் கோயிலின் சிதைந்த கருவறையும் விமானமும் அங்கேதான். ‘பூநகரி தொல்பொருளாய்வு’ நூலை 1993இல் எழுதிய பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இதைச் சோழர் கலைமரபோடு சேர்த்துப் பேசுகிறவர். கருங்கல் கிடைக்காத கரையில் கடற்கல்லை வைத்தே கோயில் எடுத்த கைகள் அவை.

திரும்பும் வழியில் மொட்டைக்கறுப்பன் அரிசி கிடைத்தால் வாங்கலாம். அந்தச் சிவப்பரிசிக்காகவே பூநகரியை அறிந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப்பேர்; கோட்டையைப் பற்றிக் கேட்டால், “எது, அந்த மதிலா?” என்பார்கள்.