பூசாரியின் கணக்கு

இக்போ மக்களைப் பற்றிச் சினுவா அச்சிபி 1964-இல் வெளியிட்ட ‘கடவுளின் அம்பு’ நாவலில், பூசாரி எசெயுலுவைக் கெடுத்தவன் வெள்ளைக்காரன்தான் என்பார்கள். எனக்கு அது பாதி நியாயமாகவே படுகிறது. பிறைக்கொரு கிழங்காகத் தின்று கணக்கு வைப்பவர் அவர். கணக்கு முடிந்தால்தான் ஊரில் அறுவடை. துரைத்தனம் கொடுத்த பதவியை மறுத்துச் சிறையிருந்ததில் இரண்டு பிறை தவறிவிட்டது. பழியைத் தாங்களே ஏற்பதாகவும், மிச்சக் கிழங்கைத் தின்றுவிடும்படியும் பெரியவர்கள் மன்றாடுகிறார்கள். மறுக்கிறார். அது தெய்வக் கட்டளையா, கைவிட்ட ஊரின்மேல் வஞ்சமா? ஆசிரியர் தீர்த்துச் சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லிக் கெடுத்திருப்பேன்! மகனும் செத்து, கிழவருக்குப் புத்தி பேதலிக்கிறது. பசித்த ஜனங்களோ பிள்ளைகள் கையில் ஓரிரு கிழங்கைக் கொடுத்துக் கிறிஸ்துவக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பிள்ளைகள் பெயரிலேயே வயலில் இறங்குகிறார்கள்.