ஷூட்டிங் மட்டம்: முக்குருத்தி மலையை வாசித்தல்

உதகமண்டலத்திலிருந்து பைக்காரா போகிற சாலையில், ஒன்பதாவது மைல் பக்கம் ஒரு புல்மேடு இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஷூட்டிங் மட்டம். தமிழ் சினிமாவின் கனவுப் பாட்டுகள் பலவற்றுக்கு அதுதான் தரை. நாயகி ஓடுகிறாள், நாயகன் துரத்துகிறான். பின்னால் மடிப்பு மடிப்பாகப் புல், அதற்குப் பின்னால் வானம். வேறு ஓர் ஆள் கிடையாது. எருமை ஒன்று தப்பித்தவறிச் சட்டகத்துக்குள் வந்தால் விரட்டிவிட்டுத்தான் அடுத்த டேக். மனிதரும் அவர் உழைப்பும் துடைக்கப்பட்ட நிலமே அழகான நிலம் என்று நம் கண்ணைப் பழக்கியதில் இந்தப் பாட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதே வகைப் புல்வெளிதான் மேற்கே, மலை செங்குத்தாக இறங்கும் விளிம்பில், முக்குருத்தி தேசியப் பூங்காவாக இருக்கிறது. பரப்பு சுமார் 78 சதுர கிலோமீட்டர். 1982இல் சரணாலயம், 1990இல் தேசியப் பூங்கா, 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளோடு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம். வரையாடு, சோலை, மேகம், உறைபனி என்று இந்தப் பூங்காவைப் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகளும் சூழல் கட்டுரைகளும் அந்தக் கனவுப் பாட்டின் சட்டகத்தை விட்டு எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன? ரொம்ப தூரம் போய்விடவில்லை என்பதுதான் என் வாசிப்பு.

'ஷூட்டிங்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கேமராவுக்கும் அதுதான், துப்பாக்கிக்கும் அதுதான். இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு, 'கேம்'. வெள்ளைக்காரன் மொழியில் விளையாட்டுக்கும் வேட்டை விலங்குக்கும் இந்த ஒரே சொல். நீலகிரியில் வேட்டைக்காரத் துரைமார் தங்களுக்கு ஒரு சங்கம் அமைத்துக்கொண்டது 1877இல். இரண்டே வருஷத்தில், 1879இல், நீலகிரி வேட்டை விலங்கு – மீன் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. எதற்குப் பாதுகாப்பு? அடுத்த பருவத்திலும் சுடுவதற்கு விலங்கு வேண்டுமே, அதற்கு! வரையாட்டை 'ஐபெக்ஸ்' என்றார்கள். வயதாகி முதுகில் வெளிறிய திட்டு விழுந்த கிடாய்க்கு 'சேடில்பேக்' என்று தனிப்பெயர். அதன் தலையைச் சுவரில் மாட்டுவது கௌரவம். இங்கிலாந்து நரி இங்கே இல்லை, அதனால் குதிரையேறி நாய்களோடு குள்ளநரியை விரட்டினார்கள். தூண்டில் போட ட்ரவுட் மீன் இல்லை, அதனால் வெளியிலிருந்து கொண்டுவந்து ஓடைகளில் விட்டார்கள். பூங்காவுக்குள் 'பிஷிங் ஹட்' என்ற பெயர் இன்றும் இருக்கிறது. ஆக, நாம் 'இயற்கை' என்று வாசிக்கும் பிரதியில் துரைமார் பொழுதுபோக்கின் கையெழுத்து ஏற்கனவே விழுந்திருக்கிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அந்த வேட்டைக்காரர்கள் போட்ட கட்டுப்பாடு இல்லாமல் இருந்தால் இங்கே வரையாடு மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்தான். அதை மறைத்துவிட்டு எழுதுகிற எதிர்ப்பு எழுத்து பலவீனமானது. ஆனால் விலங்கைக் காப்பாற்றிய அதே கை, மலையில் யாருக்கு என்ன வேலை என்பதையும் தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் இன்றைய சட்டத்தின் வாக்கிய அமைப்புவரை வந்து நிற்கிறது.

1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை ஒரு இலக்கியப் பிரதியைப் போல வாசித்துப் பாருங்கள். என்னென்ன காரியத்துக்காக உள்ளே நுழைய அனுமதி தரலாம் என்று பிரிவு 28 பட்டியல் போடுகிறது. ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா எல்லாம் அதில் இருக்கின்றன. 2022 திருத்தத்தில், வாழிடத்துக்குக் கேடு வராதபடி திரைப்படம் எடுப்பதும் சேர்ந்துகொண்டது. ஷூட்டிங் மட்டம் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே வந்தாச்சு. பிரிவு 35 தேசியப் பூங்காவில் கால்நடை மேய்ச்சல் கூடாது என்கிறது. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: அனுமதி பெற்றவர் ஏறிச்செல்லும் வாகனமாக இருந்தால் கால்நடை உள்ளே வரலாம். குதிரைமேல் உட்கார்ந்து வருகிறவருக்கு வழி இருக்கிறது. எருமைக்குப் பின்னால் நடந்து வருகிறவருக்கு இல்லை. பார்ப்பவர் உள்ளே, மேய்ப்பவர் வெளியே. இதைவிடத் துல்லியமாக அழகியலைச் சட்டமாக்க முடியாது.

தோடர்கள் கோடையில் எருமைகளை மேற்கே குந்தா பக்கத்துப் புல்வெளிகளுக்கு ஓட்டிப்போவது பழைய வழக்கம். அவர்களுடைய இறந்தோர் உலகமும் மேற்கேதான் இருக்கிறது. சாவுச் சடங்கில் பலியாகும் எருமை இறந்தவரோடு கூடப் போகிறது. சுற்றுலாக்காரனுக்குக் காட்சிமுனையாக இருக்கும் திசை அவர்களுக்குப் போகிற வழி. இந்த மக்களைப் பற்றித்தான், காட்டை எரித்துப் புல்லாக்கியவர்கள் என்ற குற்றச்சாட்டு வனத்துறை வட்டாரத்தில் நெடுங்காலம் உலவியது. நீலகிரிச் சதுப்புகளின் மக்குப் படிவுகளை ஆராய்ந்து ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரிச் சொன்னது: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, எருமை மேய்ப்பவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, இங்கே புல் இருந்திருக்கிறது. அப்படியானால் புல்லை அழித்தது யார்? அரசாங்கம்தான். புல்வெளியைத் 'தரிசு' என்று எழுதி, அதன்மேல் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரத்தையும், விறகுக்கும் மரக்கூழுக்கும் கற்பூர மரத்தையும் நட்டது. பள்ளத்தாக்குகளில் மின்சாரத்துக்கு அணை கட்டியது. நாம் 'ஏரி' என்று படம் பிடிப்பதில் பெரும்பாலானவை நீர்த்தேக்கங்கள். இப்போது சீகையை வெட்டி அகற்றுவதற்கும் அரசுதான் திட்டம் போடுகிறது. பழி மட்டும் எருமைமேலேயே கிடக்கிறது.

"நம்மகிட்டதான் திணை இருக்கே" என்று இந்த இடத்தில் நண்பர்கள் கிளம்புவார்கள். உண்மைதான். தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. தொழிலைக் கழித்துவிட்டு ஒரு நிலத்தைச் சொல்ல அந்த இலக்கணத்தால் முடியாது. தேசியப் பூங்கா என்ற கருத்தாக்கத்துக்கு எதிராக வைக்க அது வலுவான ஆயுதம். ஆனால் குறிஞ்சி என்ற சொல்லால் தோடரையும் கோத்தரையும் குறும்பரையும் மூடிவிடுவதும் ஒருவகை ஆக்கிரமிப்புதான். அவர்களுக்குச் சொந்த மொழி இருக்கிறது, சொந்தப் பாட்டு இருக்கிறது, ஒவ்வொரு மந்துக்கும் மேட்டுக்கும் சொந்தப் பெயர் இருக்கிறது. நம் திணையை அவர்கள் தோளில் ஏற்றாமல் அவர்கள் வைத்த பெயரைக் கேட்டு எழுதினாலே போதும்.

இன்னொன்று. தோடர் என்றால் பூத்தையல் போர்வையும் எருமையும் மட்டும் என்று உறையவைக்கவும் கூடாது. காய்கறி விளைவிக்கிறார்கள், படிக்கிறார்கள், சம்பளத்துக்குப் போகிறார்கள், எருமைகளும் குறைந்துவிட்டன. இன்று எத்தனை எருமை மேலே போகும் என்பதை வைத்து உரிமையை அளக்கிற தந்திரத்துக்கு நாம் துணைபோக வேண்டாம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காவையும் வன நிலம் என்றே கணக்கில் எடுக்கிறது. தங்கி மேய்ப்பதையும் இடம்பெயர்ந்து மேய்ப்பதையும் சமூக உரிமை என்கிறது. தோடர் போன்ற மிக நலிந்த பழங்குடிகளுக்கு வாழிட உரிமையும் தருகிறது. ஒரு சட்டம் 'கூடாது' என்கிறது, மற்றது 'உரிமை' என்கிறது. எந்த வாக்கியம் மலைமேல் நடைமுறைக்கு வரும் என்பது கிராமசபை பேசித் தீர்க்க வேண்டிய அரசியல். வரையாட்டுக்கு எவ்வளவு புல், எருமைக்கு எவ்வளவு புல், எந்த மாதத்தில் என்பதையும் அங்கேதான் பேச வேண்டும். வரையாட்டின் எதிரி தோடர் என்ற கதையை முதலில் நிறுத்தினால் அந்தப் பேச்சு தொடங்கும்.

எழுதுகிற நமக்கு இதில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. இனி முக்குருத்தியைப் பற்றி ஒரு கட்டுரையோ கவிதையோ படமோ வந்தால், புல் எவ்வளவு பச்சை என்பதோடு நின்றுவிடாமல், அந்தப் புல்லின்மேல் யாருக்கெல்லாம் வேலை இருந்தது என்று அது சொல்கிறதா என்றும் கேட்போம். சொல்லவில்லை என்றால் அதையும் ஒரு டூயட் பாட்டு என்றே மதிப்பிடலாம்.