துருவுக்கு ஒரு கும்பிடு

துருப்பிடித்த இரும்பைக் கண்டாலே முகம் சுளிக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். மொட்டைமாடிக் கம்பி, அப்பாவின் சைக்கிள், அம்மாவின் அரிவாள்மனை என்று எதில் ஏறினாலும் துரு எங்களுக்கு எதிரிதான். அதையே இப்போது கையெடுத்துக் கும்பிடுகிறேன் என்றால், காரணம் கேதார்கந்தா.

உத்தராகண்டில் சாங்க்ரி கிராமத்திலிருந்து ஏறுகிற மலை அது. உச்சி 12,500 அடி. டிசம்பர் கடைசியில் தம்பியோடு போனேன். மதுரைக்காரிக்குக் குளிர் என்றால் கொடைக்கானல்தான்: ஒரு சால்வை, ஒரு டீ, முடிந்தது. இங்கே உச்சிக்குக் கிளம்புவது அதிகாலை மூன்று மணிக்கு. கூடாரத்துக்கு வெளியே மறந்து வைத்த தண்ணீர் பாட்டில் கல்லாகிக் கிடந்தது.

கால் நடந்துகொண்டே இருப்பதால் எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. கைதான் பாவம். நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று, விரல்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களை உடம்பு சுருக்கிவிடுகிறது. நம் உடம்பே நம் விரலுக்குக் கைவிரித்துவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? அரை மணியில் பத்து விரலும் மரத்துப்போயின. ஜிப்பைத் திறந்து கைக்குட்டை எடுக்க முடியவில்லை. மூக்கு ஒழுகிய கதையை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

"இதைக் குலுக்கி மிட்டனுக்குள்ள போட்டுக்கக்கா" என்று தம்பி ஒரு பொட்டலத்தைக் கிழித்து நீட்டினான். சீயக்காய் பாக்கெட் அளவில் கைக்கு ஒன்றாக இரண்டு பை, உள்ளே ஏதோ பொடி. ஹேண்ட் வார்மராம். பேட்டரி இல்லை, நெருப்பு இல்லை. நம்பிக்கையே இல்லாமல்தான் போட்டுக்கொண்டேன்.

பத்து நிமிஷம். அடடா! இஸ்திரி வண்டியிலிருந்து அப்போதுதான் வாங்கிய துணிக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவோமே, அந்தச் சூடு. வீடு வருவதற்குள் ஆறிப்போகாத சூடு. விரல்நுனிகளில் முதலில் ஊசி குத்தியது, அப்புறம் உயிர் வந்தது. அந்த இருட்டில், முழங்கால் பனியில், நான் வாய்விட்டுச் சிரித்தேன். முன்னால் போனவர் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரித்தூள், கொஞ்சம் தண்ணீர், அந்த ஈரத்தைப் பிடித்துவைக்க வெர்மிகுலைட். உறையைக் கிழித்ததும் காற்றுப் பட்டு இரும்பு துருவேறத் தொடங்குகிறது. துருவேறும்போது சூடு பிறக்கும். மாடிக் கம்பியில் அது வருஷக்கணக்கில் நடப்பதால் நமக்கு உறைப்பதில்லை. இங்கே உப்பும் கரியும் விரட்ட, அதே வேலை சில மணி நேரத்துக்குள் முடிகிறது. ஜப்பானில் லோட்டே நிறுவனம் 1978-ல் 'ஹொக்கரோன்' என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்கே பொதுப்பெயர் 'கைரோ'. மடியில் வைக்கும் கணப்பு என்று பொருளாம். நம் கைக்கும் அந்தப் பெயரில் இருக்கும் 'கை'க்கும் உறவில்லை, ஆனாலும் நான் விடுவதாக இல்லை.

உச்சி நெருங்க நெருங்கச் சூடு தணிந்தது. மேலே பிராணவாயு குறைவு, துருவுக்கும் மூச்சு வாங்குகிறது! பைகளை வெளியே எடுத்து, நாலு குலுக்குக் குலுக்கி, கொஞ்சம் காற்றுக் காட்டினேன். பழையபடி சூடேறியது. மிட்டனும் முக்கியம். சாதாரணக் கையுறையில் ஒவ்வொரு விரலும் தனிக்குடித்தனம். மிட்டனில் நாலு விரலும் ஒரே வீடு, ஒன்றின் சூடு மற்றதற்கு.

சூரியன் எழுந்து ஸ்வர்காரோகிணிச் சிகரம் பொன்னாக மாறியபோது, மற்றவர்கள் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றார்கள். நான் மிட்டனைக் கழற்றி, வெறும் விரலால் பதினேழு படம் எடுத்தேன். ஒன்றுகூட ஆடவில்லை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளம்புவதற்குக் கால் மணி முன்பே உறையைக் கிழித்துவிடுங்கள். வெறும் தோலில் வைத்து அழுத்தாதீர்கள், வைத்துக்கொண்டே தூங்காதீர்கள், சுட்டுவிடும். பாதியில் போதும் என்றால் ஜிப்லாக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடுங்கள். காற்று இல்லாவிட்டால் துரு நின்றுவிடும், மிச்சம் நாளைக்கு ஆகும். தீர்ந்த பையை மட்டும் மலையில் வீசிவிட்டு வராதீர்கள், புண்ணியமாகப் போகும். என்னுடைய இரண்டும் மதுரைக்கு வந்துவிட்டன. செங்கல்லாக இறுகி, கரண்ட் பில்லுக்குப் பாரமாக மேசையில் உட்கார்ந்திருக்கின்றன.