நகம் உதிர்ந்தது, மாத்திரை மேல் பழி!

சென்ற தை மாதம் பழனிசெட்டிபட்டியில் எங்கள் உறவினர் வீட்டுத் திருமணம். மணப்பெண்ணுக்கு முதல் நாள் ஒட்டிய செயற்கை நகங்களில் மூன்று, முகூர்த்தத்துக்கு முன்பே உதிர்ந்துவிட்டன. "தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாயே, அந்தச் சூட்டுக்கு நகம் ஒட்டாது; பயோட்டின் வாங்கிச் சாப்பிடு" என்று அழகு நிலையத்தில் தீர்ப்பளித்தார்களாம். இந்தத் தீர்ப்பு அறிவியல் முன் நிற்குமா?

நம் கண்ணுக்குத் தெரியும் நகத் தகடு, கெரட்டின் என்னும் புரதத்தாலான உயிரற்ற பொருள். அதில் இரத்தமும் இல்லை, நரம்பும் இல்லை. தோலுக்கடியில் மறைந்திருக்கும் நக வேரே உயிருள்ளது. அங்கேதான் நகம் உருவாகிறது. மருந்தும் நோயும் பெரும்பாலும் தம் கைவரிசையைக் காட்டுவதும் அங்கேதான். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. முழு நகமும் புதிதாக ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் தம் நகத்தில் கோடு கீறி, அது நகர்வதை 35 ஆண்டுகள் அளந்துவந்தார். 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மில்லிமீட்டரே வளர்ந்தது. மருதாணி இட்ட நகத்தின் அடியில் வெள்ளை ஏறி வருவதை நம் வீட்டுப் பெண்களும் பார்க்கிறார்கள். குறித்துவைப்பதில்லை, அவ்வளவே.

ஆகவே, பசை பிடிக்காததற்கு முதலில் நகத்தின் மேற்பரப்பைத்தான் பார்க்க வேண்டும். எண்ணெய், ஈரம், ஒட்டிக்கிடக்கும் மெல்லிய தோல் ஆகியவை இருந்தால் பசை பிடிக்காது. நலுங்கு வைத்து, எண்ணெயும் மஞ்சளும் பூசிய கைக்கு வேறு காரணம் தேட வேண்டுமா? பித்த உடம்புக்கு மருதாணி அதிகம் சிவக்கும் என்பார்களே, அந்தப் பேச்சுக்குத் தங்கைதான் இந்தச் 'சூடு'.

ஆனால் உடல்நலத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல இயலாது. தைராய்டு சுரப்புக் குறைந்தால் நகம் மெதுவாக வளரும், எளிதில் உடையும், ஏடு ஏடாகப் பிரியும். பிரியும் ஏட்டோடு செயற்கை நகமும் வந்துவிடும். அந்தக் குறையை ஈடுசெய்வதுதான் அந்த மாத்திரை! திருடனைத் தேடிப் போய்க் காவல்காரனைப் பிடித்த கதை இது. உண்மையிலேயே நகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. புற்றுநோய்க்குத் தரும் டோசிடாக்சல் நகத்தைச் சதையிலிருந்து பிரித்துவிடலாம். டாக்சிசைக்ளின் சாப்பிட்டு வெயிலில் வேலை செய்வோருக்கும் சில சமயம் இவ்வாறு நேரும்.

உதிர்ந்த நகத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்தப் பயோட்டின் யோசனை. நன்றாக உண்போருக்குப் பயோட்டின் குறைவு அரிது. அது நகத்தை உறுதியாக்கும் என்பதற்கு, உடையும் நகமுள்ள சிலரிடம் நடந்த சிறு ஆய்வுகளே சான்று. இரத்தப் பரிசோதனை முறைகள் சிலவற்றில் பயோட்டினையே ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். இரத்தத்தில் அது மிகுந்திருந்தால் டி.எஸ்.எச். குறைவாகவும், தைராய்டு ஹார்மோன் மிகுதியாகவும் பொய்க்கணக்கு வரும். அதை நம்பி மருத்துவர் மாத்திரை அளவைக் குறைத்துவிட்டால்? மாரடைப்பை அறிய உதவும் டிரோப்போனின் சோதனையும் இதனால் தவறலாம். இதுகுறித்து 2017-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தபோது, ஒருவர் இறந்ததையும் குறிப்பிட்டது.

திருமணம் முடிந்தும் எங்கள் பெண் பயோட்டினை விடவில்லை. அடுத்த இரத்தப் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லும்படி சொல்லி வந்திருக்கிறேன்.